பத்தாவது கேள்வியில் சறுக்கினால்



கல்வி ஸ்டார்ட்அப் ஒன்றில் முதல் யூஎக்ஸ் (பயனர் அனுபவ) டிசைனராகச் சேர்பவருக்கு வெற்றுத்தாள் கிடைப்பதில்லை. அவர் வருவதற்கு முன்பே தளம் இருக்கும். ஆயிரக்கணக்கானோர் அதில் படித்துக்கொண்டும் இருப்பார்கள். அதைக் கட்டியவர் பெரும்பாலும் நிறுவனர்தான். எந்தப் பாடம் முதலில் தெரிய வேண்டும், எத்தனை சரியான விடைக்கு எத்தனை புள்ளி, தப்பு செய்தால் திரையில் என்ன நடக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் ஏதோ ஓர் இரவில் முடிவுசெய்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார். மறுநாள் அதைத் திரும்பிப் பார்க்க நேரம் இருந்திருக்காது.

புதிதாக வருபவரிடம் பொதுவாக என்ன சொல்வார்கள்? "தளம் பழசாகத் தெரிகிறது, கொஞ்சம் அழகாக்கிக் கொடுங்கள்" என்பார்கள். வண்ணத்தையும் எழுத்துருவையும் மாற்றி நல்ல பெயர் வாங்கிவிடலாம். ஆனால் துணிக்கடையின் தளத்தில் இருக்கும் பொத்தானும் கணக்குப் பாடத் தளத்தில் இருக்கும் பொத்தானும் ஒன்றல்ல. கல்வித் தளத்தில் ஒரு முன்னேற்றப் பட்டை எப்போது நிரம்புகிறது என்பது, பிள்ளை எப்போது கற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்ற முடிவு. அதை ஆசிரியர் எடுக்க வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். எடுத்தவர் வேறு ஒருவராக இருப்பார். முதல் டிசைனரின் உண்மையான வேலை, தெரிந்தும் தெரியாமலும் எடுக்கப்பட்ட இந்த முடிவுகளைத் தோண்டியெடுத்து, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பது. இதைச் சொல்ல கான் அகாடமியைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

அது இணையத்தில் பாடம் கற்பிக்கும் லாப நோக்கமற்ற அமைப்பு. ஆனால் அதன் பழக்கவழக்கம் எல்லாம் ஸ்டார்ட்அப்தான். கதை பலருக்கும் தெரியும். லூசியானாவில் வளர்ந்து, எம்.ஐ.டி.யிலும் ஹார்வர்டிலும் படித்து, முதலீட்டு நிதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சல்மான் கான், 2004ஆம் ஆண்டு தன் உறவுக்காரச் சிறுமி நாடியாவுக்கு அலகு மாற்றத்தைத் தொலைபேசி வழியாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். இருவரும் யாஹூ டூடுல் என்ற பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டார்கள். நாடியாவுக்குப் பின் அவளுடைய தம்பிகள் வந்தார்கள், மற்ற உறவுப் பிள்ளைகளும் வந்தார்கள்.

பலருக்குத் தெரியாத பகுதி இனிமேல்தான் வருகிறது. கான் அகாடமி தொடங்கியது காணொளியோடு அல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கணக்குக் கொடுத்து மாளவில்லை என்று, தானாகவே கேள்விகளை உருவாக்கும் ஒரு நிரலைக் கான் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினார். யார் எதைச் செய்தார்கள், எங்கே தடுமாறினார்கள் என்று அவருக்குக் காட்டும் வசதியும் அதில் இருந்தது. தளம் என்று முதலில் இருந்தது அதுதான். யூட்யூபில் காணொளி போடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னபோது, அது பியானோ வாசிக்கும் பூனைகளுக்கான இடம் என்று கான் முதலில் ஒதுக்கினார். 2006 நவம்பரில்தான் முதல் காணொளி ஏறியது. கறுப்புப் பின்னணி, வண்ணக் கோடுகள், பேசுபவரின் முகம் எங்கும் இல்லை. மலிவான எழுதுபலகை ஒன்றும் திரையைப் பதிவுசெய்யும் மென்பொருளும் போதுமாக இருந்தன.

முகம் காட்டாத அந்த முடிவை வடிவமைப்பு படித்த யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் பாடத்தைப் பார்க்க வேண்டிய கண் முகத்தின் பக்கம் போய்விடும் என்பது சரியான கணிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதிக் காட்டுவது போன்ற உணர்வு அதனால்தான் வந்தது. நிறுவனர் அவசரத்தில் செய்தவை எல்லாம் தப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் டிசைனர் வந்த வேகத்தில் இடித்துத் தள்ளக் கூடாத சுவர்களும் இருக்கும்.

2009இல் கான் வேலையை விட்டார். 2010 கோடையில் ஆஸ்பென் நகரில் நடந்த கருத்தரங்கில் பில் கேட்ஸ் இந்தத் தளத்தைத் தன் பிள்ளைகளோடு பயன்படுத்துவதாகச் சொன்னார். அதே ஆண்டு கேட்ஸ் அறக்கட்டளையிலிருந்து 15 லட்சம் டாலரும் கூகுளிடமிருந்து 20 லட்சம் டாலரும் வந்தன. 2011 தொடக்கத்தில், நியூயார்க்கின் ஃபாக் கிரீக் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த பென் கேமன்ஸும் ஜேசன் ரோசாஃபும் வந்து சேர்ந்தார்கள். கேமன்ஸ் பொறியாளர்களுக்குத் தலைமையேற்றார், ரோசாஃப் வடிவமைப்புக்கு. அந்த ஆண்டு மார்ச்சில் கான் பேசிய டெட் உரையின்படி, தளத்தில் 2,200க்கு மேற்பட்ட காணொளிகள் இருந்தன. மாதம் 10 லட்சம் மாணவர்கள் வந்துபோனார்கள். ஒரு கைப்பிடி ஆட்கள் கட்டிக்காத்த தளம் அது.

வந்து பார்த்தால் முகப்புப் பக்கத்தில் என்ன இருந்தது? பட்டியல். கூட்டலிலிருந்து கால்குலஸ் வரை, வங்கிக் கடன் நெருக்கடியிலிருந்து உயிரணு வரை, எல்லாக் காணொளிகளின் தலைப்புகளும் ஒரே பக்கத்தில் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. தனக்கு எது வேண்டும் என்று பெயரோடு தெரிந்து வருபவருக்கு அதைவிட வசதியான பக்கம் கிடையாது. தேடி, அழுத்தி, பார்த்துவிட்டுப் போய்விடலாம். "இருபடிச் சமன்பாடு" என்ற பெயரையே கேள்விப்படாத, தனக்கு என்ன தெரியவில்லை என்பதும் தெரியாத பிள்ளைக்குத்தான் அந்தப் பக்கத்தில் இடம் இல்லை.

அந்தப் பட்டியல் தளத்தை ஒரு காணொளி நூலகமாகக் காட்டியது. செய்தித்தாள்களும் அப்படித்தான் எழுதின. பள்ளிக்கூடத்தில் நடந்ததோ வேறு. எஸ்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனம் 2011 முதல் 2013 வரை கலிஃபோர்னியாப் பள்ளிகளில் இந்தத் தளம் எப்படிப் பயன்படுகிறது என்று பார்த்து, 2014இல் அறிக்கை வெளியிட்டது. வகுப்பில் மாணவர்கள் காணொளி பார்த்த நேரத்தைவிடக் கணக்குப் போட்ட நேரம்தான் மிக அதிகம். ஊருக்குள் பேர் வாங்கியது காணொளி, வேலை செய்தது பயிற்சி. தளத்தை மாற்றியமைக்க வருபவர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இதுவாகத்தான் இருக்க முடியும்: இது என்ன தளம்?

இப்போது பயிற்சிப் பக்கத்துக்குள் போவோம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அப்போது ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற, தொடர்ச்சியாகப் பத்துக் கேள்விகளுக்குச் சரியாக விடை சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு விடைக்கும் பட்டை கொஞ்சம் நிரம்பும். ஒன்று தப்பினால் மொத்தமும் காலி. பரமபதத்தில் மேலே வந்துவிட்டோம் என்று நினைக்கும் கட்டத்தில் பெரிய பாம்பு படுத்திருக்குமே, அதேதான். ஒன்பது கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டுப் பத்தாவதில் கழித்தல் குறியை விட்டுவிட்ட பிள்ளை மறுபடி முதல் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

விதி எளிமையானது, கேட்ட உடனே புரிகிறது, பத்தைத் தொடர்ந்து சரியாகப் போட்டவனுக்குப் பாடம் தெரிந்திருக்கும் என்பதும் நியாயமாகவே படுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் கோளாறு தெரியும். பத்தில் ஒன்பதைச் சரியாகப் போடக்கூடிய பிள்ளை, தொடர்ச்சியாகப் பத்தை எட்ட, சராசரியாக 19 கேள்விகள் போட வேண்டியிருக்கும். பத்தில் எட்டைச் சரியாகப் போடும் பிள்ளைக்கு அது ஏறக்குறைய 42. இரண்டு பிள்ளைகளுக்கும் இடையே உள்ள அறிவு வித்தியாசம் கொஞ்சம்தான்; உழைப்பு வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல். இன்னொரு பக்கம், அரைகுறையாகத் தெரிந்த பிள்ளையும் விடாமல் உட்கார்ந்திருந்தால் என்றாவது ஒரு நாள் பத்தைத் தொட்டே தீரும். அப்படியானால் அந்தப் பட்டை எதை அளந்தது? பாதி கணக்கறிவை, பாதி பொறுமையை.

2011இல் குழுவில் இருந்த ஓர் இளம் பொறியாளர் இதைக் கையில் எடுத்தார். தளத்தில் ஏற்கெனவே குவிந்திருந்த விடைகளை வைத்து, ஒரு மாணவர் அடுத்த கேள்விக்குச் சரியாக விடை சொல்வதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கும் புள்ளியியல் மாதிரி ஒன்றைக் கட்டினார். அந்த வாய்ப்பு 94 விழுக்காட்டைத் தாண்டினால் தேர்ச்சி. ஒரு தவறு எல்லாவற்றையும் அழித்துவிடாது. அண்மையில் சொன்ன விடைகளுக்கு மதிப்பு கூடுதல், பழையவற்றுக்குக் குறைவு. பயனர்களை இரு கூறாகப் பிரித்து ஏ/பி சோதனை செய்து பார்த்தபோது, புதிய முறையில் மாணவர்கள் குறைந்த கேள்விகளில் தேர்ச்சி பெற்று அடுத்த பாடத்துக்கு நகர்ந்தார்கள்.

பொறியாளருக்கு இது வெற்றி. டிசைனருக்குத் தலைவலி அங்கேதான் ஆரம்பம். "பத்தைத் தொடர்ந்து சரியாகப் போடு" என்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம். "உன் அடுத்த விடை சரியாக இருப்பதற்கான கணிப்பு 94 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும்" என்று எப்படிச் சொல்வது? பட்டை ஏன் இந்த முறை அதிகமாக நிரம்பியது, ஏன் அடுத்த முறை கொஞ்சமாக நிரம்பியது என்று பிள்ளை கேட்டால் பக்கத்தில் இருக்கும் ஆசிரியராலும் பதில் சொல்ல முடியாது. நியாயமான விதி புரியாத விதியாகிவிட்டது. இந்த இழுபறி அங்கே நெடுங்காலம் நடந்தது. இன்று அந்தத் தளத்துக்குப் போய்ப் பாருங்கள்: நான்கு கேள்விகளில் மூன்றைச் சரியாகப் போட்டால் அடுத்த நிலை என்று பயிற்சியின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கும். விரலை விட்டு எண்ணக்கூடிய விதிக்கே திரும்பிவிட்டார்கள். ஆனால் தவறுக்கு இடம் வைத்த விதி. அறிந்தவர், தேர்ந்தவர், கரைகண்டவர் என்பதுபோலப் படிப்படியான நிலைகளும் வந்துவிட்டன. தெரியும், தெரியாது என்ற இரண்டே பெட்டிகள் போய்விட்டன.

பயிற்சிப் பக்கத்தில் குறிப்பு கேட்பதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் கணக்கு ஒவ்வொரு படியாக விரியும். நல்ல ஏற்பாடு. ஆனால் அழுத்தியவுடன் அந்தக் கேள்வி தப்பானதாகக் கணக்கில் ஏறிவிடும், தொடரும் அறுந்துவிடும். காரணம் வெளிப்படை: குறிப்பைப் பார்த்துவிட்டுச் சொன்ன விடையை எப்படித் தேர்ச்சியாக எடுத்துக்கொள்வது? அளப்பவரின் கண்ணில் இது சரி. படிப்பவரின் பக்கத்தில் நின்று பார்த்தால், உதவி கேட்டால் தண்டனை. எட்டுக் கணக்குப் போட்டுவிட்ட பிள்ளை ஒன்பதாவது தெரியாவிட்டால் உதவி கேட்குமா, குருட்டாம்போக்கில் ஒரு விடையைப் போட்டுப் பார்க்குமா? கற்பதற்கும் அளப்பதற்கும் ஒரே பக்கத்தைப் பயன்படுத்துகிற எல்லாத் தளங்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. நம் ஊர் நீட் பயிற்சிச் செயலிகளையும் அரசுப் பணித் தேர்வுச் செயலிகளையும் இதே கேள்வியோடு திறந்து பார்க்கலாம்.

தளம் பிள்ளைகளுக்குக் கொடுத்த பதக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்கல், நிலா, பூமி, சூரியன், கருந்துளை என்று வானத்துப் பெயர்களில் ஒன்றைவிட ஒன்று அரிதான பதக்கங்கள், கூடவே ஆற்றல் புள்ளிகள். பிள்ளைகளுக்குப் பிடித்தது. பிடித்ததுதான் பிரச்சினையும். புள்ளிக்காக எளிய கணக்குகளையே போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற பயிற்சிக்குப் புள்ளி குறைவு, புதியதற்கு அதிகம் என்று கணக்கு வைத்துத்தான் அதைச் சமாளித்தார்கள்.

அறிவு வரைபடம் என்று ஒன்று இருந்தது. அந்தத் தளத்தின் மிக அழகான பக்கம் அதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். கறுத்த வானம், அதில் விண்மீன்களாகப் பாடங்கள். ஒரு மீனிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு போனால், இது தெரிந்தால்தான் அதற்குப் போகலாம் என்று பொருள். உச்சியில் ஒன்றோடு ஒன்றைக் கூட்டும் பாடம், அதிலிருந்து கிளைத்துக் கீழே முக்கோணவியல் வரை. இழுத்துப் பார்க்கலாம், பெரிதாக்கலாம். கணிதம் முழுவதும் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கிறது என்பதைச் சொல்லாமல் சொன்ன படம்.

2013இல் அதை ஓரங்கட்டிவிட்டு, அடுத்து நீ செய்ய வேண்டியவை இவை என்று சிலவற்றை மட்டும் எடுத்துக்கொடுக்கும் புதிய பக்கத்தைக் கொண்டுவந்தார்கள். வரைபடத்தை விரும்பியவர்களுக்கு வருத்தம்தான். இருந்தாலும் அழகான படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு, இன்று மாலை அரை மணி நேரத்தில் எதைப் படிப்பது என்று தெரிவது வேறு. நூற்றுக்கணக்கான மீன்களுக்கு நடுவே நிற்கும் பிள்ளைக்கு வானம் பெரிதாக இருக்கிறது என்பதுதான் தெரியும். மொழி கற்பிக்கும் டுவோலிங்கோவும் பின்னாளில் இதே திருப்பத்துக்கு வந்தது. கிளைகளாகப் பிரிந்து, எதை முதலில் படிப்பது என்று கற்பவரே தேர்ந்தெடுக்க விட்டிருந்த பாடமரத்தை 2022இல் எடுத்துவிட்டு ஒற்றைப் பாதையாக மாற்றியது. பல ஆண்டுகள் பழகியவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், நிறுவனம் பின்வாங்கவில்லை. தளத்தில் ஊறியவர்களுக்கும் இன்று காலை கணக்குத் தொடங்கியவருக்கும் ஒரே பக்கத்தைக் கொடுக்கும்போது யாராவது ஒருவர் கோபப்படத்தான் செய்வார்.

பாதை போட்டுக்கொடுத்தால், எங்கே தொடங்குவது? இதற்குக் கான் எழுதிய நூல் ஒன்றில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 2009 கோடையில், வசதி குறைந்த பிள்ளைகளுக்காக சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் நடக்கும் பெனின்சுலா பிரிட்ஜ் என்ற திட்டத்தில் இந்தப் பயிற்சிகளைப் பயன்படுத்தினார்கள். நடுநிலை வகுப்புப் பிள்ளைகளில் ஒரு குழுவை ஐந்தாம் வகுப்புக் கணக்கிலிருந்தும், இன்னொரு குழுவை ஒன்றும் ஒன்றும் இரண்டு என்ற இடத்திலிருந்தும் தொடங்கவைத்தார்கள். அடியிலிருந்து தொடங்கியவர்கள் முதலில் பின்தங்கினார்கள், பிறகு வேகமெடுத்து மற்றவர்களை முந்தினார்கள். கூட்டல் கழித்தலில் எங்கோ விட்டுப்போன ஓட்டைகள் அடைபட்டதுதான் காரணம். சின்னக் குழு, ஒரு கோடைக்காலம். அதை வைத்துக்கொண்டு உலகப் பொதுவிதி எழுத முடியாது. ஆனால் எட்டாம் வகுப்பு மாணவி முதன்முதலாக உள்நுழைந்ததும் திரையில் தெரிய வேண்டியது என்ன என்ற கேள்வி அதோடு கனத்துப்போகிறது. ஒன்றும் ஒன்றும் என்று காட்டினால் அவளுக்கு அவமானமாக இருக்கலாம். காட்டாவிட்டால் ஓட்டை அப்படியே கிடக்கும்.

அதே திட்டத்தின் ஆசிரியர்கள்தான் இன்னொன்றையும் கேட்டார்கள்: எங்கள் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று எங்களுக்கும் காட்டுங்கள். தளத்துக்கு இரண்டாவது வகைப் பயனர் வந்துவிட்டார். 2010 நவம்பரில் கலிஃபோர்னியாவின் லாஸ் ஆல்டோஸ் பள்ளிகளில், இரண்டு ஐந்தாம் வகுப்புகளிலும் இரண்டு ஏழாம் வகுப்புகளிலும் இது வகுப்பறைக்குள் நுழைந்தபோது, ஆசிரியரின் பக்கம் பச்சை, நீலம், சிவப்பு என்று மாறியிருந்தது. பச்சை முடித்தவர், நீலம் முயன்றுகொண்டிருப்பவர், சிவப்பு சிக்கிக்கொண்டவர். ஆசிரியர் நேராகச் சிவப்பு தெரியும் பிள்ளையிடம் போகலாம், அல்லது அந்தப் பாடத்தில் பச்சையாக இருக்கும் பிள்ளையை அவனிடம் அனுப்பலாம். பிள்ளைக்கான திரையைவிட ஆசிரியருக்கான திரை வகுப்பறையை அதிகம் மாற்றியிருக்கும் என்று தோன்றுகிறது.

ஆசிரியர்கள் அனைவரும் மகிழ்ச்சியாக இருக்கவில்லை. 2012இல் மிச்சிகனின் கிராண்ட் வேலி மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர், குறை எண்களின் பெருக்கல் பற்றிய கான் காணொளி ஒன்றைத் திரையில் ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நையாண்டி செய்து ஒரு காணொளி வெளியிட்டார்கள். விளக்கம் குழப்புகிறது, குறியீடுகள் கவனமில்லாமல் பயன்படுகின்றன என்பது அவர்களின் குற்றச்சாட்டு. சில நாட்களிலேயே கான் அகாடமி அந்தக் காணொளியை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிவுசெய்தது. இணையத்தில் பாடம் திருத்துவது இவ்வளவு சுலபம். திருத்தச் சொல்ல யூட்யூபில் கேலி செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் இடிக்கிறது.

உள்நுழையும் வழியைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை. தொடக்கத்தில் அந்தத் தளத்துக்குள் போக கூகுள் அல்லது ஃபேஸ்புக் கணக்கு வேண்டியிருந்தது. பொறியாளருக்கு அது வேலை மிச்சம். பத்து வயதுப் பிள்ளைக்கோ இரண்டும் கிடையாது. 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் விவரங்களைச் சேகரிப்பதைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் 1998 முதல் தனிச் சட்டம் வேறு இருக்கிறது. பெற்றோர் சம்மதத்தோடு சிறுவர் கணக்கு, தனிப் பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் பிறகு வந்தவை. முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கடவுச்சொல்லை மறந்தால் நாற்பது நிமிட வகுப்பில் எவ்வளவு மிஞ்சும் என்று பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில், யாரும் முடிவாகக்கூட எண்ணாத ஒரு முடிவு இருந்தது: படிப்பவருக்கு இணையம் இருக்கும். 2012 கோடையில் கான் அகாடமியில் பயிற்சிப் பணிக்கு வந்த, சான் டியேகோவில் ஆய்வு மாணவராக இருந்த ஜேமி அலெக்ஸாண்டர், அதைக் கேள்வி கேட்டார். நண்பர்களோடு சேர்ந்து அந்த ஆண்டு டிசம்பரில் கே.ஏ. லைட் என்ற மென்பொருளை வெளியிட்டார். காணொளிகளையும் பயிற்சிகளையும் ஒரு சாதாரணக் கணினியிலோ, உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கணினியிலோ நிரப்பி வைத்துவிட்டால், இணையம் இல்லாத பள்ளியில் மற்ற கணினிகள் அதோடு இணைந்து படிக்கலாம். பிள்ளைகள் போட்ட கணக்கெல்லாம் அங்கேயே சேர்ந்திருக்கும்; எப்போதாவது தொடர்பு கிடைக்கும்போது மேலே போய்ச் சேரும். இந்தியப் பள்ளிகளுக்கும் அது வந்தது, அமெரிக்கச் சிறைகளுக்கும் போனது.

இணையம் இல்லாத இடங்களில் வடிவமைப்பின் கேள்விகளே மாறிவிட்டன. எல்லாக் காணொளிகளையும் வைக்க இடம் போதாது, எதை இறக்குவது என்று யார் தேர்ந்தெடுப்பது? மின்சாரம் நின்று வந்தால் பாதியில் விட்ட பயிற்சி என்னாவது? ஒரே கணினியில் நான்கு பிள்ளைகள் உட்கார்ந்தால் யார் பெயரில் மதிப்பெண்? அலெக்ஸாண்டரும் நண்பர்களும் தொடங்கிய லேர்னிங் ஈக்வாலிட்டி அமைப்பு அடுத்ததாகக் கொலிப்ரி என்ற தளத்தைப் புதிதாகவே கட்டியது. அதில் கான் அகாடமி பல அலைவரிசைகளுள் ஒன்று மட்டுமே. ஆசிரியர் தன் சொந்தப் பாடத்தையும் அதன் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.